பயாஸ் பூட்டிய பழைய லேப்டாப்: 23 நாளில் நடந்தவை

## பின்னணி

பழைய லேப்டாப்களைச் சரிசெய்து மறுபடி ஓட வைப்பது என் தொழில். பயாஸ், அதாவது மெஷினைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டப்பட்ட மெஷின்கள் அவ்வப்போது வரும். அவற்றில் ஒன்றைப் பற்றிய முழு விவரம் இது. கைக்கு வந்த நாளிலிருந்து பூட்டு கழன்ற நாள் வரை 23 நாட்கள் ஆயின. அதில் ஸ்க்ரூடிரைவர் பிடித்த நேரம் இரண்டு மணி நேரம்கூட இருக்காது. மீதியெல்லாம் விசாரிப்பதிலும் எழுதுவதிலும் பதிலுக்குக் காத்திருப்பதிலும் போனது. இந்த மாதிரி வேலையில் பலரும் தவறவிடுவது அந்தப் பகுதியைத்தான் என்பதால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

லேப்டாப்பை வாங்கியவர் நெட்வொர்க் படிப்பில் சேர்ந்திருந்த ஒரு மாணவி. மெஷின், அலுவலகங்களுக்கென்று தயாரிக்கும் வரிசையைச் சேர்ந்தது: எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பழைய லேப்டாப்களை மொத்தமாக எடுத்துத் தனித்தனியாக விற்கும் ஒருவரிடம் வாங்கியிருந்தார். ரசீது இருந்தது. விண்டோஸ் 11 போட்டே கொடுத்திருந்தார்கள். முதல் ஐந்து வாரம் எந்தக் குறையும் இல்லை.

ஆறாவது வாரம் வகுப்பில் விர்ச்சுவல் மெஷின் (ஒரு கணினிக்குள் மென்பொருளாலேயே ஓடும் இன்னொரு கணினி) அமைக்கச் சொன்னார்கள். அதற்கான விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி ஓட்டியதும், அதற்குத் தேவையான விடி-எக்ஸ் என்ற பிராசசர் வசதி பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பிழைச் செய்தி வந்தது. டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்திலும் அதே தகவல்தான். சரி, உள்ளே போய் அதை இயக்கிவிட்டால் ஆயிற்று என்று எஃப்2 அழுத்தியிருக்கிறார். திரையில் சின்னதாக ஒரு பூட்டுப் படமும் பாஸ்வேர்டு கேட்கும் கட்டமும் வந்து நின்றன.

அன்று இரவே அவருடைய தம்பி பத்துப் பன்னிரண்டு பாஸ்வேர்டுகளை அடித்துப் பார்த்திருக்கிறார். மூன்று முறை தவறினால் மெஷின் தானாக அணைந்துவிடும். மறுபடி போட்டு மறுபடி முயன்றிருக்கிறார். எதுவும் பொருந்தவில்லை. விற்றவரைக் கேட்டதற்கு, "அது பெரிய விஷயமே இல்லம்மா, சிப் வேலை தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்தா பத்து நிமிஷத்துல எடுத்துருவாங்க" என்று சொல்லியிருக்கிறார். அப்படித்தான் மாணவி என்னிடம் வந்தார்.

## முதல் நாள் பார்த்தவை

பாஸ்வேர்டு எதையும் நான் அடித்துப் பார்க்கவில்லை. தவறான முயற்சிகள் கூடக்கூட இன்னும் கடுமையாக இறுகிக்கொள்ளும் மாடல்கள் உண்டு. ஏற்கெனவே பன்னிரண்டு முறை தவறிய மெஷினில் பதின்மூன்றாவது முறையை நான் சேர்க்க விரும்பவில்லை.

அதிர்ஷ்டவசமாக இந்த மாடலில் பாஸ்வேர்டு இல்லாமலே பயாஸைப் பார்வைக்கு மட்டும் திறக்க முடிந்தது. எதையும் மாற்ற முடியாது, எல்லா வரிகளும் சாம்பல் நிறத்தில் இருக்கும்; ஆனால் படிக்கலாம். விர்ச்சுவலைசேஷன் (அந்த விடி-எக்ஸ்தான்) முடக்கம். யூஎஸ்பியிலிருந்து பூட் செய்வது, அதாவது மெஷினைத் தொடங்குவது, முடக்கம். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட் இயக்கத்தில். ரகசியச் சாவிகளைப் பாதுகாக்கும் டிபிஎம் சிப் இயக்கத்தில். சொத்து எண்ணுக்கான கட்டத்தில் மூன்று எழுத்தும் ஆறு இலக்கமும் இருந்தன. தனி ஆள் தன் வீட்டு லேப்டாப்பில் அந்தக் கட்டத்தை நிரப்புவது அரிது. ஏதோ ஒரு நிறுவனம் தன் இருப்புப் பதிவேட்டுக்காகப் போட்ட எண் அது.

பிறகு மெஷினைக் கவிழ்த்தேன். அடிப்பக்கம் முழுவதும் கைபட்டு மங்கிப் பளபளப்பாகியிருந்தது. நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு செவ்வகம் மட்டும் புதிதுபோல் சொரசொரப்பாக இருந்தது. ஓரத்தில் பசை ஒட்டி அழுக்கேறியிருந்தது. அங்கே பல வருடம் ஒரு ஸ்டிக்கர் இருந்திருக்கிறது. யாரோ சுரண்டி எடுத்திருக்கிறார்கள். தயாரிப்பாளரின் வரிசை எண் ஸ்டிக்கர் மட்டும் தன் இடத்தில் இருந்தது. அந்த எண்ணும் பயாஸில் தெரிந்த வரிசை எண்ணும் ஒன்றே. அதாவது மதர்போர்டு மாற்றப்படவில்லை, ஸ்டிக்கரும் இன்னொரு மெஷினிலிருந்து எடுத்து ஒட்டியதில்லை. இந்த ஒப்பீட்டுக்கு அரை நிமிடம்தான் ஆகும். பழைய மெஷின் எது வந்தாலும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

மூடியைத் திறந்தபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, பயாஸ் கடிகாரத்துக்கு மின்சாரம் தரும் காசு பேட்டரி. அதைச் சுற்றியிருந்த கறுப்பு உறை கிழிந்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. அதன் இணைப்பியில் இடுக்கி பட்ட கீறல். எனக்கு முன்னால் யாரோ பேட்டரியைக் கழற்றினால் பாஸ்வேர்டு போய்விடும் என்று நம்பி முயன்றிருக்கிறார்கள். இரண்டாவது, எஸ்எஸ்டி. வரிசை எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடினால், இந்த மெஷின் 512 ஜிபி எஸ்எஸ்டியோடு வெளியே போயிருக்கிறது என்று தெரிந்தது. இப்போது உள்ளே இருந்தது வேறு கம்பெனியின் 256 ஜிபி.

யூஎஸ்பி பூட் அடைத்திருக்கும் மெஷினில் விண்டோஸ் எப்படி வந்தது என்பதற்கும் இதுவே விடை. வேறு மெஷினில் வைத்து எஸ்எஸ்டியில் விண்டோஸை நகலெடுத்து இதில் பொருத்தியிருக்கிறார்கள். மொத்தமாக வாங்கி விற்பவர்கள் நேரம் மிச்சப்படுத்த இப்படிச் செய்வது வழக்கம்தான். நகலெடுத்துப் போடுபவருக்கு பயாஸைத் திறக்கும் தேவையே வராது; அதனால் பூட்டு இருப்பது தெரியாமலேயேகூட விற்றிருக்கலாம். பேட்டரியைக் கழற்றிப் பார்த்தவர் விற்றவரா, அவருக்கு முந்தைய ஆளா என்று சொல்ல வழியில்லை. அவர்மேல் பழி போட நான் அவசரப்படவில்லை.

அன்றே செய்த இன்னொரு வேலை, மாணவியின் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்தது. அவர் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்ததால் டிஸ்க் குறியாக்கம் (சாவி இல்லாமல் டிஸ்க்கைப் படிக்க முடியாதபடி செய்யும் வசதி) தானாகவே இயங்கியிருந்தது. அதன் 48 இலக்க மீட்புச் சாவி அவர் கணக்கில் இருந்தது. அதைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டோம். பயாஸ் வேலைக்கு முன்னால் இதைச் செய்யாமல் இருப்பது பெரிய ஆபத்து. பயாஸில் சில அமைப்புகள் மாறினாலே டிபிஎம் சிப் சாவியைத் தர மறுத்துவிடும். மீட்புச் சாவி கையில் இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளதெல்லாம் போனதுதான்.

## இது எந்தப் பூட்டு

லேப்டாப்பில் பாஸ்வேர்டு என்றால் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று வகை உண்டு. மெஷினைப் போட்டவுடனே கேட்பது ஒன்று. பயாஸ் அமைப்புகளை மாற்றப் போகும்போது மட்டும் கேட்பது இன்னொன்று. இதைத்தான் சூப்பர்வைசர் அல்லது அட்மின் பாஸ்வேர்டு என்பார்கள். மூன்றாவது டிஸ்க்குக்கு உரியது. அது டிஸ்க்கோடேயே போகும், போர்டை மாற்றினாலும் விடாது. இங்கே இருந்தது இரண்டாவது வகை. அதனால்தான் ஐந்து வாரம் தெரியாமலே இருந்தது.

பேட்டரியைக் கழற்றியவர் முழுக்கத் தவறாக யோசித்துவிடவில்லை. பழைய டெஸ்க்டாப்களில் பாஸ்வேர்டு, பேட்டரியால் உயிர் பிடித்திருக்கும் சின்ன நினைவகத்தில் இருந்தது. 3 வோல்ட் பேட்டரியை எடுத்தால் அது மறந்துபோகும். அலுவலக லேப்டாப்களில் அந்த வழி எப்போதோ அடைபட்டுவிட்டது. பாஸ்வேர்டு மின்சாரமே தேவைப்படாத சிப்பில் இருக்கும்: பயாஸ் இருக்கும் எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பிலோ, கீபோர்டையும் ஃபேனையும் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோலரிலோ, தனியான சின்ன நினைவகத்திலோ. பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம் பின்னோக்கிப் போகும், அவ்வளவுதான்.

## சிப்பைத் தொடாததற்குக் காரணங்கள்

விற்றவர் சொன்ன "சிப் வேலை" என்னவென்று எனக்குத் தெரியும். ஃபிளாஷ் சிப்பின் எட்டுக் கால்களையும் ஒரு கிளிப்பால் கவ்வி, புரோகிராமர் கருவியால் உள்ளிருப்பதைப் படித்து, மாற்றி, திரும்ப எழுதுவது. அந்தக் கருவி என் மேசையிலும் இருக்கிறது. அப்டேட் பாதியில் நின்று செத்துப்போன பயாஸை உயிர்ப்பிக்க அதை அடிக்கடி எடுக்கிறேன். இந்த மெஷினில் ஏன் எடுக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

தொழில்நுட்பக் காரணங்கள் முதலில். சில சிப்கள் 3.3 வோல்ட், சில 1.8 வோல்ட். மலிவாகக் கிடைக்கும் சிஎச்341ஏ கருவியின் ஒரு பிரபலமான வடிவம், மின்சாரக் காலில் 3.3 வோல்ட் தந்தாலும் தரவுக் கால்களில் 5 வோல்ட்டை விடும். தெரியாமல் மாட்டினால் சிப்போடு சேர்ந்து பக்கத்தில் உள்ளவையும் போகலாம். அடுத்தது, இன்டெல் நான்காம் தலைமுறையிலிருந்து வந்த பூட் கார்டு (Boot Guard) என்ற பாதுகாப்பு வசதி. இது இயக்கப்பட்ட மெஷினில் பயாஸின் தொடக்கப் பகுதிக்குத் தயாரிப்பாளரின் கையொப்பம் பொருந்தவில்லையென்றால் மெஷின் எழுந்திருக்காது. அப்புறம், பாஸ்வேர்டு கன்ட்ரோலருக்குள் இருந்தால் ஃபிளாஷில் என்ன எழுதினாலும் பயனில்லை.

இன்னொரு பழக்கம் இருக்கிறது: அதே மாடலின் வேறொரு மெஷினிலிருந்து எடுத்த பயாஸ் நகலை அப்படியே ஏற்றிவிடுவது. பூட்டு போகலாம். கூடவே இந்த மெஷினின் வரிசை எண், உள்ளே பதிந்த விண்டோஸ் சாவி, நெட்வொர்க் அட்டையின் முகவரி ஆகியவையும் போகும். வேறு மெஷினின் அடையாளம் இதில் வந்து உட்காரும். ஒரே வரிசை எண்ணோடு இரண்டு மெஷின்கள் உலவும். அப்படிப்பட்டவை என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றின் பழைய வரலாற்றை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பழைய மாடல்கள் சிலவற்றில், மூன்று முறை தவறியதும் திரையில் வரும் எண்ணிலிருந்து பொதுச் சாவியைக் கணக்கிட்டு எடுக்க முடியும் என்பதும் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிந்ததுதான். இந்த மாடல் அந்தக் காலத்தைத் தாண்டியது. போர்டையே மாற்றுவது இன்னொரு வழி. சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்தால் போர்டு மாற்றுவது மட்டுமே தீர்வு என்று அதிகாரபூர்வமாகச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. அந்தச் செலவு இந்த மெஷினின் மதிப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஆனால் இவை எதுவும் என் முதல் காரணம் இல்லை. சுரண்டிய ஸ்டிக்கரும் பயாஸில் மிச்சமிருந்த சொத்து எண்ணும் சேர்ந்து ஒரு கேள்வியை எழுப்பின: இந்த மெஷின் அந்த நிறுவனத்திலிருந்து முறையாக வெளியே வந்ததா, இல்லை காணாமல்போனதா? ரசீது இருப்பதால் மாணவி நேர்மையாக வாங்கினார் என்பது உறுதி. விற்றவருக்கு முன்னால் என்ன நடந்தது என்பதை ரசீது சொல்லாது. விடை தெரியும்வரை பூட்டில் கை வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். திருட்டுப் பொருளாக இருந்தால், அதை எங்கிருந்து வந்தது என்றே தெரியாதபடி செய்தவன் நானாகிவிடுவேன்.

## நான்காம் நாள்: இரண்டாவது பூட்டு

அலுவலக மெஷின் என்று தெரிந்ததும் இன்னொன்றைச் சோதிக்க வேண்டியிருந்தது. பெரிய நிறுவனங்கள் தங்கள் விண்டோஸ் லேப்டாப்களின் வன்பொருள் அடையாளத்தை ஆட்டோபைலட் என்ற சேவையில் பதிவு செய்வதுண்டு. அப்படிப் பதிந்த மெஷினில் விண்டோஸைப் புதிதாகப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால், முதல் அமைப்புத் திரையிலேயே அந்த நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கம் வந்து நிற்கும். பதிவு மைக்ரோசாஃப்டின் சர்வரில் இருப்பதால் எத்தனை முறை ஃபார்மேட் அடித்தாலும் போகாது. நிறுவனத்தின் நிர்வாகி தன் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும்.

மாணவியின் எஸ்எஸ்டியைக் கழற்றிப் பத்திரமாக வைத்தேன். என்னிடமிருந்த வேறொரு எஸ்எஸ்டியில், வேறு கணினியில் வைத்து விண்டோஸ் கோப்புகளைப் பரப்பி, முதல் அமைப்புத் திரை வரும் நிலையில் இந்த மெஷினுக்குள் பொருத்தினேன். மொழி, கீபோர்டு, வைஃபை. அடுத்த திரையில் மாணவி அதுவரை கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனத்தின் பெயரும் சின்னமும் வந்தன. அலுவலக மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் கேட்டது.

அந்தத் திரையைப் பார்த்ததும் மனதில் ஒரு கனம் ஏறியது. விற்றவர் பேச்சைக் கேட்டுப் பத்து நிமிடத்தில் பயாஸ் பூட்டை எடுத்திருந்தால், மாணவி சந்தோஷமாக எடுத்துப் போயிருப்பார். என்றைக்காவது விண்டோஸைப் புதிதாகப் போட நினைக்கும் அன்று, இந்தத் திரையில் வந்து முட்டி நின்றிருப்பார். அப்போது தேர்வு நேரமாகக்கூட இருந்திருக்கலாம்.

ஒரு நன்மையும் இருந்தது. இப்போது யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

## மாணவியிடம் பேசியது

அந்த நிறுவனத்துக்கு எழுத வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். முழு உண்மையையும் சொல்லாமல் சம்மதம் வாங்குவது சரியில்லை. மெஷின் காணாமல்போன பட்டியலில் இருந்தால் அவர்கள் திருப்பிக் கேட்பார்கள், கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"அப்படிக் கேட்டுட்டா என் பணம் போயிடுமே அண்ணா. எழுதாமலே விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. எழுதாமல் விட்டால் இப்போதைக்கு ஒன்றும் ஆகாது. விர்ச்சுவல் மெஷின் வராது, மற்றதெல்லாம் ஓடும். ஆனால் நாளடைவில் பயாஸ் அப்டேட்கள் தேவைப்படும். செக்யூர் பூட் நம்பியிருக்கும் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதியாகத் தொடங்குகின்றன. புதியவற்றை ஏற்க சில மெஷின்களுக்கு பயாஸ் அப்டேட்டும் வேண்டும். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு இருந்தால் அப்டேட்டை ஏற்காத மாடல்கள் உண்டு. இதையெல்லாம் சொல்லிவிட்டு, முடிவு உங்களுடையது, நான் மட்டும் இந்த நிலையில் பூட்டை உடைக்க மாட்டேன் என்றேன்.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டு, எழுதச் சொன்னார். எழுதுவதற்கு முன் விற்றவரிடம் ஓர் உறுதி கேட்டு வாங்கினோம்: நிறுவனம் மெஷினைத் திருப்பிக் கேட்டால் அவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். முதலில் முரண்டு பிடித்தார். உள்நுழைவுத் திரையின் படத்தைக் காட்டியதும் அமைதியானார், எழுத்தில் ஒப்புக்கொண்டார். எந்த மொத்த வியாபாரியிடமிருந்து அந்தக் குவியல் வந்தது என்ற ரசீதின் நகலையும் தந்தார். இந்த விவகாரத்தில் அவர் எடுத்த நல்ல முடிவு அது. காத்திருந்த நாட்களில் வகுப்பு வேலைக்காக என்னிடமிருந்த ஒரு பழைய டெஸ்க்டாப்பை மாணவிக்குக் கொடுத்து வைத்தேன்.

## கடிதமும் காத்திருப்பும்

கடிதம் ஒரு பக்கம்தான். மெஷினின் வரிசை எண், சொத்து எண், உள்நுழைவுத் திரையின் படம், மாணவியின் ரசீது, விற்றவரின் ரசீது. பிறகு இரண்டே கேள்விகள். இந்த மெஷின் உங்கள் பக்கம் பயன்பாட்டிலிருந்து முறையாகக் கழிக்கப்பட்டதா? கழிக்கப்பட்டிருந்தால் பதிவையும் பயாஸ் பூட்டையும் விடுவிக்க முடியுமா? கடைசியில், காணாமல்போனதாக இருந்தால் திருப்பி ஒப்படைக்கத் தயாராக இருக்கிறோம் என்று ஒரு வரி. பாஸ்வேர்டைச் சொல்லுங்கள் என்று எங்கும் கேட்கவில்லை. முகம் தெரியாத ஒருவர் பாஸ்வேர்டு கேட்டு எழுதினால் எந்த ஐடி பிரிவும் அந்தக் கடிதத்தை ஓரம் கட்டிவிடும்.

நிறுவனத்தின் பொது உதவி முகவரிக்கு ஏழாம் நாள் அனுப்பினேன். தானியங்கிப் பதில் ஒன்று வந்தது. அப்புறம் எட்டு நாள் ஒன்றுமில்லை. மாணவி இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை, அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

பதினைந்தாம் நாள் அதே கடிதத்தை, தலைப்பில் வரிசை எண்ணைப் போட்டு, அந்த நிறுவனத்தின் சொத்து மேலாண்மைப் பிரிவுக்கு அனுப்பினேன். மறுநாளே ஒருவர் பதில் எழுதினார். இந்த வரிசை எண் கழித்த பொருட்களின் பட்டியலில் இருக்கிறது, காணாமல்போனது இல்லை.

அவர் தந்த விளக்கத்தில் எல்லாம் பொருந்தின. மெஷின் கழிக்கப்பட்டபோது உயிரில்லாமல் இருந்திருக்கிறது. மின்சாரம் ஏறவில்லை. விதிப்படி எஸ்எஸ்டியை மட்டும் கழற்றி அழித்துவிட்டு மீதியை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். எழாத மெஷினில் பயாஸ் பாஸ்வேர்டை எப்படி எடுப்பது? எடுக்கவில்லை. ஆட்டோபைலட் பதிவை நீக்குவது வேறு ஆளின் வேலை. "பழுது" என்று குறித்த மெஷின்களை அந்தப் பட்டியலில் யாரும் தேடவில்லை. வழியில் யாரோ அதைச் சரிசெய்து உயிர்ப்பித்து, புதிய எஸ்எஸ்டி போட்டு விற்றிருக்கிறார்கள். யாரும் தப்பு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தன் பங்கு வேலையைச் செய்துவிட்டு அடுத்தவரிடம் தள்ளியிருக்கிறார்கள். பூட்டு மட்டும் கடைசியில் மாணவியிடம் வந்து சேர்ந்தது.

ஆட்டோபைலட் பதிவை அன்றே நீக்கிவிட்டார்கள். பயாஸ் பாஸ்வேர்டைத் தர மறுத்தார்கள். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார்கள்: அதே பாஸ்வேர்டு இன்னும் பயன்பாட்டில் இருக்கும் நூற்றுக்கணக்கான மெஷின்களில் இருக்கிறது. அந்த மறுப்பில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மெஷினை நேரில் கொண்டுவந்தால் தாங்களே திறந்து நீக்கித் தருவதாகச் சொன்னார்கள்.

## 23ஆம் நாள்

மாணவியும் நானும் சேர்ந்து போனோம். வரவேற்பறை மேசையிலேயே வேலை முடிந்தது. அவர்களுடைய டெக்னீஷியன் வரிசை எண்ணைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டார், எங்களைத் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு பாஸ்வேர்டை அடித்தார், அதை நீக்கினார், எல்லா அமைப்புகளையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோனார். பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். கழித்ததற்கான ஒரு கடிதத்தையும், வரிசை எண் போட்டு, மாணவியின் கையில் கொடுத்தார்.

திரும்பி வந்து மெஷினைப் போட்டதும் நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. தொழிற்சாலை நிலைக்குப் போனதில் பயாஸ் அமைப்புகள் மாறியிருந்தன, டிபிஎம் சாவியைத் தர மறுத்துவிட்டது. மாணவிக்கு முகம் வெளிறிவிட்டது. முதல் நாள் எழுதிய தாளை எடுத்து, ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகளை அவர் வாசிக்க நான் அடித்தேன். ஐந்தாவது தொகுதியில் ஓர் இலக்கம் மாறிவிட்டது. மெஷினே அதைக் காட்டிக் கொடுத்தது, திருத்தினோம். விண்டோஸ் திறந்தது.

பிறகு விர்ச்சுவலைசேஷனை இயக்கினோம். செக்யூர் பூட் இயக்கத்தில் இருப்பதை உறுதி செய்தோம். பயாஸ் அப்டேட் மூன்று பதிப்பு பின்தங்கியிருந்தது, அதை ஏற்றினோம். திருட்டைக் கண்காணிக்கும் மென்பொருளுக்கென்று பயாஸில் உள்ள பகுதி செயலற்ற நிலையில் இருந்ததையும் பார்த்துக்கொண்டோம். நான்காம் நாள் பயன்படுத்திய எஸ்எஸ்டியை மறுபடி பொருத்தி முதல் அமைப்புத் திரையை ஓட்டினேன். இந்த முறை நிறுவனத்தின் பெயர் வரவில்லை.

மாணவி தன்னுடைய பாஸ்வேர்டு ஒன்றை பயாஸில் போட்டார். அதை ஒரு தாளில் எழுதி, ரசீதோடும் கழிப்புக் கடிதத்தோடும் ஒரே உறையில் வைத்தார்.

## அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவை

ஆட்டோபைலட் சோதனையை நான்காம் நாள் செய்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டும். சொத்து எண்ணைப் பார்த்தவுடன் அது தோன்றியிருக்க வேண்டியது. மூன்று நாட்களை பயாஸ் பூட்டின் வகையை யோசித்தே கழித்தேன். அதற்கு இவ்வளவு யோசனை தேவைப்படவில்லை.

கடிதம் தவறான வாசலுக்குப் போனதில் எட்டு நாள் வீண். பொது உதவிப் பிரிவில் இருப்பவருக்கு வெளியாள் ஒருவரின் லேப்டாப் தன் வேலையாகவே தெரியாது. கழிப்புப் பட்டியல் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே எழுத வேண்டும், தலைப்பிலேயே வரிசை எண் இருக்க வேண்டும். அவர் அந்த எண்ணைத்தான் தேடப்போகிறார்.

நிறுவனத்துக்குப் புறப்படும் முன் டிஸ்க் குறியாக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தால் நீலத் திரை வந்திருக்காது. மீட்புச் சாவி இருந்ததால் தப்பித்தோம். ஆனால் அந்த ஐந்து நிமிடம் மாணவி பட்ட பயம் தேவையில்லாதது, அது என் கவனக்குறைவு.

வாங்குபவர்களுக்கு ஒன்று. பழைய லேப்டாப் பார்க்கப் போகும்போது எல்லோரும் பேட்டரியையும் கீபோர்டையும் திரையையும் சோதிக்கிறார்கள். மெஷினை ஒருமுறை அணைத்து, போடும்போது பயாஸுக்குள் நுழைந்து, ஏதாவது ஒரு சின்ன அமைப்பை மாற்றிச் சேமித்துப் பாருங்கள். உள்ளே நுழைய முடிந்தாலே போதும் என்று விட்டுவிடாதீர்கள். இந்த மெஷினிலும் நுழைய முடிந்தது, மாற்றத்தான் முடியவில்லை. வரிசை எண் ஸ்டிக்கரும் பயாஸ் காட்டும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அலுவலக வரிசை மெஷின் என்றால், விற்பவர் எதிரிலேயே விண்டோஸை ரீசெட் செய்து, வைஃபையோடு முதல் அமைப்புத் திரைவரை போகச் சொல்லுங்கள். இன்டர்நெட் இல்லாமல் ஓட்டிக் காட்டினால் அது சோதனையே இல்லை.

நிறுவனங்களில் கழிக்கும் வேலையைப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது, எழாத மெஷின்கள்தான். டிஸ்க்கை எடுத்ததோடு அவற்றின் கணக்கு முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். செத்ததாக நினைத்துத் தள்ளும் மெஷினை இன்னொருவர் உயிர்ப்பிக்கத்தான் போகிறார். நல்ல விஷயம்தான் அது. குறைந்தது ஆட்டோபைலட் பதிவை நீக்க மெஷின் ஓட வேண்டிய தேவையே இல்லை, வரிசை எண் போதும். எல்லா மெஷினுக்கும் ஒரே பயாஸ் பாஸ்வேர்டு வைப்பதன் விலையையும் இங்கே பார்த்தோம்: ஒன்றைத் திறக்கக்கூட ஆள் நேரில் வர வேண்டியிருந்தது.

## அதன் பிறகு

இரண்டு வாரம் கழித்து விற்றவர் என்னைக் கூப்பிட்டார். அதே குவியலில் இன்னும் இரண்டு லேப்டாப் விற்காமல் இருப்பதாகவும், இரண்டிலும் பயாஸ் பூட்டியிருப்பதாகவும் சொன்னார். இந்த முறை சிப் வேலையைப் பற்றிப் பேசவில்லை. வரிசை எண்களை எழுதியே அனுப்பியிருந்தார். சொத்து மேலாண்மைப் பிரிவுக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. ஒன்று கழித்த பட்டியலில் இருந்தது, விடுவித்துவிட்டார்கள். மற்றொன்றின் எண் அந்தப் பட்டியலில் இல்லை. முந்தைய ஆண்டு காணாமல்போனதாகப் பதிவான மெஷின் அது. விற்றவர் தானே அதை எடுத்துப்போய் ஒப்படைத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான ரசீதின் படத்தை எனக்கு அனுப்பினார்.